கல் கட்டாத புடலங்காய்

குசினி யன்னலின் திரையை விலக்கினேன். பந்தல் நின்றது. பந்தலில் கொடி இல்லை.

கண்ணாடி போடாமல் பார்க்கிறேனாக்கும் என்று போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. முதல் நாள் பின்னேரம் வரை கம்பி நிறைய இலையும் வெள்ளைப் பூவுமாகக் கிடந்த என் புடலங்கொடி, நிலத்தில் வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. தலையில் பாரம் தூக்குகிறவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்களே, அதே மாதிரி. இது பாயளவு அகலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்தில் கலியோப்பி நின்றாள். கறுப்புச் சட்டை, முழங்கால் வரை ஏற்றின ரப்பர் சப்பாத்து. கையில் இருந்த மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு, யன்னலில் என்னைக் கண்டதும் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். பரிசு வாங்கப் போகிற ஆள் மாதிரி ஒரு சிரிப்பு.

நானும் சிரித்தேன். அதுதான் என் கெட்ட பழக்கம். "தேங்க்யூ" என்றும் சொன்னேன்.

கலியோப்பி என்னை விட வயதில் மூத்தவள். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலையை நினைத்தால் மரியாதை பேனாவில் இறங்குதில்லை. இந்தக் கிழமைப் பத்திக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலியில் கழன்ற பலகை

மகள் வசந்தியும் மருமகனும் ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் வாடகைக்கு இருந்த வீடு அது. பின்னுக்கு நல்ல வளவு. அதற்கும் கலியோப்பியின் வளவுக்கும் நடுவில் பலகை வேலி. நாங்கள் ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதல் கோடையிலேயே இவர், அதாவது என் வீட்டுக்காரர், அந்த வேலியில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டார். தட்டுக் கொடுத்து வாங்க வசதியாம்.

"வாடகை வீடு. வீட்டுச் சொந்தக்காரன் கண்டால் என்ன சொல்லுவான்?" என்று கேட்டேன்.

"இஞ்சேரும், ஒரு பலகைதானே. அந்த மனுசி பாவம், எட்டி எட்டி மேலாலை தாறா. இடுப்பு நோகாதே?" என்றார்.

எனக்கு இடுப்பே கிடையாது என்ற நினைப்பு அவருக்கு.

இவருக்கு இங்கிலீசு வரும். கொழும்பில் கப்பல் கொம்பனிக் கந்தோரில் வேலை பார்த்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேங்க்யூ, சொறி, யெஸ், கம் என்று நாலு சொல் வரும். 'நோ' என்பதும் தெரியும். ஆனால் 'மாட்டேன்' என்று தமிழிலேயே என் வாயில் வராது. இங்கிலீசில் எங்கே வரப்போகிறது?

மத்தியானம் சோற்றைப் போட்டுக் கொடுத்தால் இவர் மேசையில் இருக்க மாட்டார். கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு வேலியடிக்குப் போய்விடுவார். அந்தப் பலகை கழன்ற இடத்தில் நின்றபடியே சாப்பிட்டு, அங்காலே நிற்கிற கலியோப்பியோடு கதைப்பார். சமைத்தவள் நான். மேசையில் தனியே இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். கையைக் காலை ஆட்டி, இரண்டு பேரும் அப்படி என்னதான் கதைக்கிறார்களோ!

இரண்டு தீவு

கதைத்ததையெல்லாம் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரம் எனக்கு ஒப்புவிப்பார்.

கலியோப்பி கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். தீவின் பெயரையும் சொன்னார். அது என் வாயிலும் நிற்கவில்லை, மனதிலும் நிற்கவில்லை. அங்கே கடையில் வாங்குகிற சாமான் என்று ஒன்றுமே இல்லையாம். உப்பைக்கூடக் கரைப் பாறைக் குழிகளில் காய்ந்ததைச் சுரண்டி எடுப்பார்களாம். கூரையில் விழுகிற மழையை நிலத்துக்குக் கீழே தொட்டி கட்டிச் சேர்ப்பார்களாம். பார்லி மாவில் ரொட்டி சுட்டு, அதைத் திரும்பவும் அடுப்பில் வைத்துக் காயப்போட்டு, மாதக்கணக்காக வைத்திருந்து தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவார்களாம். கல்லு மதிலில் முளைக்கிற ஒரு செடியின் மொட்டைப் பிடுங்கி ஊறுகாய் போடுவார்களாம். முதல் மழை பெய்த மறுநாள் பெண்டுகள் எல்லாம் ஆளுக்கொரு கத்தியோடு மலைக்குப் போய்க் கீரை பிடுங்குவார்களாம்.

"அப்பிடியே எங்கடை நெடுந்தீவு. கல்லு வேலி, காத்து, ஆடு, உப்புத் தண்ணி. பனைதான் இல்லை," என்று சொல்லி இவர் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஒரு கலக்கமும் வரவில்லை. இவர் பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்புக்குக் கப்பலேறினவர். தீவில் கிடந்தவள் நான். குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் முறை பார்த்து நின்றவளும் நான். உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஊரை நினைத்து உருக்கம் வராது. தாகம்தான் வரும்.

இன்னொன்றும் சொன்னார். அந்தத் தீவில் காற்று அப்படிப் பொல்லாததாம். முந்திரிகைக் கொடியை, அதுதான் திராட்சையை, பந்தலில் ஏற விட்டால் ஒரு பொழுதில் பிய்த்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் நிலத்தோடு நிலமாகக் கூடை மாதிரிச் சுற்றிவிடுவார்களாம். குலை அந்தக் கூடைக்குள்ளே காற்றுப் படாமல் பழுக்குமாம். தண்ணீரே விட மாட்டார்களாம். இரவுப் பனியைக் கொடி குடித்துக்கொள்ளுமாம்.

இதை அவர் சொல்லும்போது நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பலகையை அன்றைக்கே ஆணி வைத்து அறைந்திருப்பேன்.

வெறும் தட்டுத் திரும்பாது

ஆரும் ஒரு தட்டில் ஏதும் கொண்டுவந்து தந்தால் நாங்கள் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன். என் கெட்ட காலம், கலியோப்பியின் தீவிலும் அதே வழக்கம்!

யோசித்துப் பாருங்கள். அவள் ஒலிவ் காய் தருவாள். நான் தட்டைக் கழுவி வடை வைத்துக் கொடுப்பேன். அவள் அந்தத் தட்டில் ஆட்டுப்பால் கட்டி வைத்து அனுப்புவாள். நான் புட்டு. அவள் காய்ந்த ரொட்டி. இது எங்கே போய் முடியும்? யாராவது ஒருத்தி மானம் கெட்டு வெறும் தட்டை நீட்டினால்தான் முடியும். அவளும் நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை.

அந்த ரொட்டியை நான் நனைக்காமல் கடித்து என் கட்டுப்பல் வெடித்தது தனிக்கதை. குளிர்பெட்டியைத் திறந்தால் வசந்தி மூக்கைப் பொத்துவாள். "அம்மா, உந்த வெள்ளைக் கட்டியை எறியுங்கோ. பாலும் அந்த மணமெல்லே மணக்குது," என்பாள்.

"எறிஞ்சுபோட்டுத் தட்டிலை என்னத்தைப் பிள்ளை வைக்கிறது?" என்பேன்.

இவர் மட்டும் ருசித்துச் சாப்பிடுவார். நான் வைத்த மீன்குழம்பு அடுப்பில் ஆறிக்கொண்டிருக்க, அந்தக் கல்லு ரொட்டியைத் தக்காளிச் சாற்றில் ஊறவைத்து, "என்ன கைப்பக்குவம்!" என்பார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இதுதான். அடுத்த வீட்டுச் சட்டியில் இருக்கிறதுதான் இவருக்குச் சாப்பாடு.

கடைசியாகக் கேட்ட கறி

இவர் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது ஒன்றையும் சாப்பிட மாட்டார். கஞ்சி, சூப், பழம், ஒன்றும் இறங்கவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்து, "பாக்கியம், பாலும் சீரகமும் விட்டு ஒரு புடலங்காய்க் கறி வைப்பியே, அது ஒரு வாய் கிடைச்சால் நல்லாயிருக்கும்," என்றார்.

அவ்வளவு வருசத்தில் என் சமையலை அவர் கேட்டு வாங்கினது அந்த ஒரு முறைதான்.

தொண்ணூறுகளின் ஆக்லாந்தில் புடலங்காய்க்கு எங்கே போகிறது? வசந்தி தமிழ் ஆட்கள் ஒருவர் விடாமல் ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். மருமகன் கடை கடையாக ஏறி இறங்கினார். நீளமாகப் பச்சையாக ஏதோ ஒன்று வாங்கி வந்தார். அது வெள்ளரிக்காய். அந்தக் கிழமையே இவர் போய்விட்டார்.

ஆட்டைத் திவசத்துக்கு, அதுதான் முதல் வருசத் திவசத்துக்கு, அவருடைய படையலில் புடலங்காய்க் கறி இருக்க வேண்டும் என்று மனதில் முடிந்துகொண்டேன். ஒட்டாராச் சந்தையில் மரக்கறி விற்கிற பீஜி மனுசி ஒருத்தியிடம் கையால் காட்டிக் கேட்டேன். தண்ணீர்க் கரைச்சலால் அந்த வருசம் தான் புடல் போடவில்லை என்று அவளும் கையாலேயே சொல்லி, கடதாசியில் சுற்றிக் கொஞ்ச விதை தந்தாள்.

தண்ணீர்க் கரைச்சல் என்றது உண்மை. ஆக்லாந்து முழுக்கத் தட்டுப்பாடு. குழாய் பிடித்துத் தோட்டத்துக்கு விடக்கூடாது என்று சட்டம். எனக்கு அது ஒரு பொருட்டா? அரிசி கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி, குளித்த தண்ணி எல்லாவற்றையும் வாளியில் பிடித்துக் கொண்டுபோய் ஒவ்வொரு அடிக்கும் கையால் ஊற்றினேன். மூன்று விதை முளைத்தது. இரண்டு செத்தது. ஒன்று பந்தலேறியது.

"நோ வாட்டர்!"

கலியோப்பிக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. நான் வாளியோடு போகிற நேரம் பார்த்து அந்தப் பலகை இல்லாத இடத்தால் தலையை நீட்டுவாள்.

"பாக்கி! நோ வாட்டர்! நோ வாட்டர்!"

என் பெயர் பாக்கியம். அவளுக்குப் பாதிதான் வரும். தெருவுக்கே கேட்கிற குரல். சட்டத்தை மீறிக் குழாய் பிடிக்கிறேன் என்று அயலட்டை நினைக்காதா? எனக்கு உடம்பெல்லாம் கூசும். வாளியைத் தூக்கி, "அரிசித் தண்ணி, அரிசித் தண்ணி" என்று காட்டுவேன். அவளோ தன் தக்காளிப் பாத்தியைக் காட்டுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத பாத்தி. செடி எல்லாம் கருகின மாதிரி நிலத்தில் படுத்துக் கிடக்கும். காய் கோலிக்குண்டளவு. அதில் ஒன்றைப் பிடுங்கி என் வாயில் திணிப்பாள். தித்திப்பாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் புடலங்காய் தக்காளியா? அதற்குத் தண்ணீர் விடாமல் இவளுடைய பாட்டையா கேட்கச் சொல்கிறாள்?

பிறகு கல்லுப் பிரச்சினை வந்தது.

பிஞ்சு ஒரு சாண் நீண்டதும் நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லுக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சுருண்டுபோகும். எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். நான் கல்லுக் கட்டினதைக் கலியோப்பி கண்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தன் பாசையில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்து, ஒரு பிஞ்சைக் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை! நான் ஏதோ ஒரு பச்சைப் பிள்ளையின் காலில் அம்மியைக் கட்டிவிட்டவள் மாதிரி.

இவர் இருந்திருந்தால் விளக்கிச் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு அவள் பக்கம்தான் கதைத்திருப்பார், அது வேறு.

மலையில் முகில்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த வசந்தியைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். நான் கட்டின கல்லுகளை எல்லாம் கலியோப்பி அவிழ்த்து, வேலிச் சட்டத்தின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். பிஞ்சுகள் சும்மாட்டுக்குள்ளே படுத்துக் கிடந்தன.

வசந்தி அவளோடு இங்கிலீசில் கதைத்தாள். கலியோப்பி மவுண்ட் வெல்லிங்டன் மலையைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், வாயைக் குவித்து ஊதிக் காட்டினாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நேற்றுப் பின்னேரம் மலையின்ரை தலையிலை முகில் இருந்ததாம். அவையின்ரை தீவிலை அப்பிடி இருந்தால் விடியப் பெரிய காத்து வருமாம். உங்கடை பந்தலைப் பிடுங்கிப்போடுமாம். நீங்கள் படுத்திருப்பியள், எழுப்பக் கூடாதெண்டு தானே விடிய முதல் இருட்டோடை எல்லாத்தையும் இறக்கிச் சுத்தி வைச்சவவாம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல வானம். கயிற்றில் காயப்போட்ட சேலைகூட அசையவில்லை. அன்றைக்குக் காற்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஒரு இலை ஆடவில்லை. எங்கேயோ கடலில் கிடக்கிற தீவின் மலைக்கு உள்ள சாத்திரத்தை உலகத்தின் அடியில் இருக்கிற இந்த மலைக்குப் பார்த்திருக்கிறாள்! மலையும் வேறு, முகிலும் வேறு, காற்று வருகிற திசையும் வேறு.

"திருப்பி ஏத்துவம், பிடி," என்றேன். நானும் வசந்தியுமாகக் கொடியைத் தூக்கினோம். தண்டு நறுக்கென்றது.

"விடுங்கோம்மா, விடுங்கோ! இருக்கிறதும் போயிடும்," என்று வசந்தி கத்தினாள்.

அப்படியே வைத்தோம். கலியோப்பி இரண்டு கையாலும் பொத்திப் பொத்திக் கொடியைச் சரிசெய்து, திரும்பவும் பெருவிரலைத் தூக்கினாள்.

வாய் திறந்த அன்று

வசந்தி வேலைக்குப் போய்விட்டாள். நான் வேலிச் சட்டத்தில் இருந்த கல்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உமக்கு என்ன விசரோ? உம்மடை வளவிலை சுத்தும், உருட்டும், என்னெண்டாலும் செய்யும்! என்ரை பந்தலிலை உமக்கென்ன வேலை? இது அவருக்கெண்டு வைச்ச கொடியடியப்பா, அவருக்கு! செல்லையாவுக்கு!"

முழுக்கத் தமிழ். அவளும் விடவில்லை. முழுக்கக் கிரேக்கம். அவள் மலையைக் காட்டிக் கத்தினாள், நான் கல்லைக் காட்டிக் கத்தினேன். முன் வீட்டு வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். என் வாழ்க்கையில் நான் தெருவுக்குக் கேட்கக் கத்தினது அன்றைக்குத்தான்.

நான் இரண்டாம் முறை "செல்லையா" என்றதும் அவள் நின்றாள்.

"செலியா?" என்றாள். இவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஓம், செல்லையா. ஒன் இயர்," என்று ஒரு விரலைக் காட்டினேன். கொடியைக் காட்டினேன். சாப்பிடுகிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டுபோனேன். எனக்கு மூச்சு வாங்கியது.

கலியோப்பி வாயைப் பொத்தினாள். கொடியைப் பார்த்தாள். நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பலகைச் சந்தால் போய்விட்டாள்.

ஒரு வழியாகத் தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். அது எவ்வளவு பிழை என்று மறுநாள் விடியத் தெரிந்தது.

தகரப் பேணி

மவுண்ட் வெல்லிங்டனில் அந்தக் கோடையில் ஈரமாகக் கிடந்த நிலம் என் புடலடி ஒன்றுதான். அக்கம்பக்கத்து நத்தை எல்லாம் அங்கேதான் வந்து கூடும். பந்தலில் இருந்தவரை அதுகளால் காய்க்கு ஏற முடியவில்லை. இப்போது நிலத்தில் விருந்து விரித்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாளுக்குள் பிஞ்செல்லாம் ஓட்டை. மிஞ்சினது ஒன்றே ஒன்று, சும்மாட்டின் நடுவில், இலைக்குக் கீழே கிடந்தது.

விடிய யன்னலைத் திறந்தால் கலியோப்பி ஒரு தகரப் பேணியோடு கொடிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு இலையாகத் தூக்கி நத்தையைப் பிடுங்கிப் பேணிக்குள் போடுவாள். தன் அடுப்புச் சாம்பலை அந்த ஒரு காயைச் சுற்றி வளையமாகத் தூவிவிடுவாள். என்னைக் கண்டால் பெருவிரலைத் தூக்குவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பாள். அப்படி நிற்கிற ஆளை எப்படிப் போ என்கிறது? தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தேத்தண்ணி வேறு, கோபம் வேறு.

வெள்ளிக்கிழமை தட்டு வந்தது. ஈயக் கடதாசியால் மூடி, சுடச்சுட. நல்ல வெங்காயமும் தக்காளியும் மணந்தது. ஆசையோடு திறந்தேன். பேணியில் போனதெல்லாம் ஓட்டோடு குழம்பில் கிடந்தது.

"ஐயோ, வெள்ளிக்கிழமை! வசந்தி, இஞ்சை ஓடிவா!"

வசந்தி எட்டிப் பார்த்துவிட்டுக் குந்தியிருந்து சிரித்தாள். "எங்கடை கொடியைத் திண்டதைத் திண்டால் எங்கடை கொடியைத் திண்ட மாதிரித்தானேம்மா," என்றாள். சிரிக்கிற விசயமா இது? தட்டைத் தேய்த்து, மஞ்சள் போட்டுக் கழுவி, சுண்டல் வைத்துக் கொடுத்தேன். என்ன செய்கிறது, வெறும் தட்டுத் திரும்பாதே.

அந்த ஒரு காய் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. கல்லுக் கட்டித் தொங்கவிட வழியில்லை. அது தன் எண்ணத்துக்கு வளைந்து, சுருண்டு, காப்பு மாதிரி வட்டமாகிவிட்டது. ஒரு நேரான புடலங்காய், அவ்வளவுதான் நான் கேட்டது. ஒரு மனுசனுக்கு ஒரு நேரான காய்.

ஆட்டைத் திவசம்

அன்று விடியக் காயைப் பிடுங்கினேன். வெட்டுப் பலகையில் வைத்தால் நிற்காமல் உருண்டது. வளையத்தை நாலாக நறுக்கி, விதை வழித்து, பாலும் சீரகமும் விட்டு வைத்தேன். வெந்த துண்டுகூட நிமிரவில்லை. ஒவ்வொன்றும் பிறை மாதிரி வளைந்தே கிடந்தது.

மருமகன் படத்துக்கு முன்னால் தேவாரம் பாடி முடித்தார். படைத்தோம். அந்த நேரம் பின்கதவில் தட்டுச் சத்தம். கலியோப்பி. புதிதாக மடிப்புக் குலையாத கறுப்புச் சட்டை, தலையில் கறுப்புத் துண்டு. கையில் ஒரு தாம்பாளம் நிறைய வெள்ளைச் சீனி பரவி, மேலே பாதாங் கொட்டையால் ஒரு எழுத்து.

வசந்தி கதைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கோதுமை அவிச்சதம்மா. மாதுளை, முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டு. அவையின்ரை தீவிலை செத்த ஆளுக்கு வருசம் முடிஞ்சால், தங்கடை வயல் கோதுமையிலை இதைத்தான் அவிச்சுக் குடுக்கிறவையாம். அப்பாவுக்கெண்டு கொண்டந்திருக்கிறா. மேலை இருக்கிறது அப்பாவின்ரை முதலெழுத்து."

நல்ல கரைச்சல். படையலில் வெளிவீட்டுச் சாப்பாடு வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நத்தை அவித்த சட்டியோ என்னவோ! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலியோப்பியும் பார்த்தாள். தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினாள்.

"காகத்துக்கு வைக்கிறதிலை ஒரு பிடி போடு," என்று வசந்திக்குச் சொன்னேன்.

அதிலும் ஒரு கரைச்சல். ஆக்லாந்தில் காகம் இல்லை. ஊர் முழுக்கத் தேடினாலும் ஒன்று இல்லை. வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் சாய்ந்திருந்த கலியோப்பியின் அத்தி மரத்தில் ஒரு பெரிய இலையைப் பிடுங்கி, சோறும் கறியும், மேலே ஒரு பிறைத் துண்டுப் புடலங்காயும், பக்கத்தில் அந்தக் கோதுமையும் வைத்து, வெறும் பந்தலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம். "கா, கா" என்று கூப்பிட்டேன். கலியோப்பிக்கு என்ன விளங்கியதோ, அவளும் "கா, கா" என்றாள்.

காத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒரு மைனா வந்தது. சரி, மைனாவாவது எங்கள் பக்கத்துப் பறவை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. சோற்றைப் பார்த்தது. பருப்பைப் பார்த்தது. பிறகு குனிந்து கோதுமையைக் கொத்தத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தப் பிடி முழுவதையும் தின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ! இந்தக் காய்க்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ? ஒரு வாய் சாப்பிடுங்கோவன்!" என்று பறவையைப் பார்த்துக் கத்திவிட்டேன். மருமகன் முன்னால் இவரை அப்படி அதட்டினது வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கலியோப்பி என்னை விடப் பலமாக, தன் பாசையில், கையை வாய்க்குக் காட்டிக் காட்டி அதட்டினாள். இரண்டு கிழவிகளும் ஒரு மைனாவோடு சண்டை.

மைனா தலையைச் சாய்த்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அந்த வளைந்த புடலந் துண்டை வாயில் கவ்வியது. கவ்வி, அந்த இடத்தில் நின்று தின்றதா? இல்லை. எழும்பி, பலகை கழன்ற அந்தச் சந்தால் பறந்து போய், கலியோப்பியின் தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் இறங்கி, அங்கே நின்றுதான் சாப்பிட்டது.

உயிரோடு இருந்த காலத்திலும் இப்படித்தான் செய்தார்.